குண்டின் மீது கூறும் பிஸ்மி

ஆட்டை அறுப்பவரும் பிஸ்மில்லாஹ் கூறுகிறார். அம்பெய்யும் வேடரும் பிஸ்மில்லாஹ் கூறுகிறார். சொல் ஒன்றேயாயினும் அது சென்று சேருமிடம் ஒன்றன்று. இந்நுட்பத்தை ஹனஃபீ மத்ஹபின் பெருநூலாகிய 'ஹிதாயா'வில், ஹிஜ்ரீ 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்ஙீனானீ (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். ஆட்டைக் கிடத்திப் பிஸ்மி கூறியவர், கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு வேறொரு கத்தியால் அதே ஆட்டை அறுத்தால் அது ஆகும். அந்த ஆட்டை விட்டுவிட்டு, மறுமுறை கூறாமல், பக்கத்து ஆட்டை அறுத்தாலோ ஆகாது. வேட்டையில் இதற்கு நேர்மாறு. பிஸ்மி கூறி எய்த அம்பு, குறித்த மானை விட்டு மற்றொரு மானில் பாய்ந்தால் அதுவும் ஆகும். பிஸ்மி கூறிய அம்பை வைத்துவிட்டு, வேறோர் அம்பை எடுத்து மறுமுறை கூறாமல் எய்தால் ஆகாது. அறுப்பில் இறைவன் திருநாமம் பிராணியின் மீது. வேட்டையில் கருவியின் மீது. காரணம் வெளிப்படை. எய்வது மனிதன் கையில் இருக்கிறது. படுவது அவன் கையில் இல்லை. எது அவன் கையில் இருக்கிறதோ அதன் மீதே அவன் பொறுப்பும் நிற்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். நம் மத்ஹபில் பிஸ்மி கூறுவது சுன்னத்து. மறதியால் விடுபட்டால் இறைச்சி கெடுவதில்லை. எனினும் அந்நாமத்தைக் கருவியின் மீது கூறுகிறோம் என்னும் எண்ணம் எந்த மத்ஹபினருக்கும் சிந்தனைக்குரியதே. அப்படியானால் எந்தக் கருவியின் மீது கூறுகிறோம் என்று பார்ப்பதும் கடமையாகிவிடுகிறதன்றோ?

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்க நேர்ந்தது ஒரு கேள்வியால். மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து சென்று அமெரிக்காவில் குடியேறிவிட்ட இளைஞர் ஒருவர், அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்று ஆண்டுதோறும் மான் வேட்டைக்குச் செல்பவர். கடையில் விற்கும் தோட்டாவை வாங்குவதில்லையாம், தாமே அடைத்துக்கொள்கிறாராம். பித்தளை உறை, அதன் அடியில் பொறி பற்றவைக்கும் சிறு மூடி, மருந்து, குண்டு ஆகிய நான்கையும் தனித்தனியே வாங்கி, மருந்தைச் சிறு தராசில் கிரெய்ன் கணக்கில் நிறுத்து, உறையிற் கொட்டி, வாயிற் குண்டை அமர்த்துவது அவ்வேலை. 7,000 கிரெய்ன் ஒரு ராத்தல். மானுக்கெனப் பெரும்பாலும் கொள்ளும் குண்டு 150 முதல் 180 கிரெய்ன். அஃதாவது 10 முதல் 12 கிராம் வரை. 'குண்டு பலவகையாக இருக்கிறது. அவற்றில் எதைக் கொள்வது? மார்க்கம் இதில் ஏதேனும் சொல்கிறதா?' என்று தம் தகப்பனார் வழியே நம்மை வினவியிருக்கிறார்.

இதை வேட்டைக்காரரிடம் கேட்க வேண்டியதிருக்க, ஆலிமிடம் கேட்பதேன் என்று நகைப்போரும் உளர். நாம் நகைக்கவில்லை. கருவியைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசியிருக்கும் அளவுக்கு வேட்டைக்காரர்களே பேசியிருப்பார்களா என்பது ஐயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் மான் வேட்டை பற்றிய இக்கேள்விக்கு இடமேயில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மானை வேட்டையாடுவதைத் தடை செய்துவிட்டது. 'மான் இறைச்சி ஹலால்தானே, சட்டம் எப்படி அதை ஹராமாக்கும்?' என்று கேட்கும் மேதாவிகளை நாம் சந்தித்ததுண்டு. இஹ்ராம் அணிந்தவருக்கு அதே மான் ஆகாது. புனித மக்காவின் எல்லைக்குள் இஹ்ராம் இல்லாதவருக்கும் ஆகாது. மதீனாவின் இரு கரும்பாறை வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தையும் பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வாறே காப்பிடமாக்கினார்கள். மானின் இறைச்சி எங்கும் ஒன்றுதான். இடமும் நிலையும் மாற, செயலின் சட்டம் மாறுகிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டுகின்ற தூரத்தில் வேட்டைப் பிராணியை வரவிட்டு இறைவன் அடியார்களைச் சோதிப்பான் என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் அறிவிக்கிறது. எட்டாத மானை விட்டுவிடுவதில் சோதனையேது? எட்டியதை விடுவதன்றோ சோதனை! பொதுநலன் கருதி ஆட்சியாளர் அமைத்த காப்பிடத்தை மீறுவது முஸ்லிமுக்கு அழகன்று, அனுமதியுமன்று.

மரக்காணத்தில் மானில்லை. ஆனால் பறவை உண்டு. உப்புப் பாத்திகளுக்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கும் கழுவேலி, வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் நிறைந்து, கோடையில் உப்பேறி வற்றும் பெருஞ்சதுப்பு. உப்புக்கழி ஓடையும் எடையன்திட்டுக் கழிமுகமும் அதைக் கடலோடு இணைக்கின்றன. வடதிசை நாடுகளிலிருந்து குளிர்காலத்தில் வாத்தும் உள்ளானும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். பூநாரையும் கூழைக்கடாவும் காணலாம். 2021இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே பறவை சுடுதல் இன்று குற்றம்.

அதற்கு முன்னிருந்த நிலையை நம் வயதொத்தோர் அறிவர். நாட்டுத் துப்பாக்கி என்பது ஒவ்வொரு வெடிக்கும் கையாலேயே அடைக்கப்படுவது. குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, அதன்மேல் ஈய ரவையையோ பால்ரஸ் குண்டையோ இட்டு, மறுபடியும் நாரால் அடைப்பார்கள். அமெரிக்க இளைஞர் தராசு வைத்துச் செய்வதை, இவர்கள் உள்ளங்கைக் குழிவால் அளந்து செய்தார்கள். சுட்ட பறவைகளைக் காலைக் கட்டிக் கொத்தாகத் தூக்கிவந்து சாலையோரத்தில் விற்பார்கள். பசிக்காகச் சுட்டவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. வாங்கியுண்டவர்களைப் பற்றித்தான் நம் பேச்சு.

செத்த பறவையை நம்மவர் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. சுட்டவர் முஸ்லிமுமல்லர், வேதம் வழங்கப்பெற்றவருமல்லர். அவர் சுட்டுச் செத்தது நமக்கு ஆகாது. தவிர, பறவை நீரில் விழுந்திருக்கும். நீரில் மூழ்கிக் கிடக்கக் கண்ட வேட்டைப் பிராணியை உண்ணவேண்டாம், அதைக் கொன்றது உமது அம்பா நீரா என்பது உமக்குத் தெரியாதே எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆதலின் நம் வீடுகளில் விலைபோனது உயிரோடிருக்கும் பறவை மட்டுமே. இறக்கை ஒடிந்து, கண் திறந்து, கூடைக்குள் மூச்சுவாங்கிக் கிடக்கும் பறவை. அதை வாங்கிப் பிஸ்மி கூறி அறுத்தால் சட்டப்படி ஆகும். இதில் ஐயமில்லை. உயிருள்ளதற்குத்தான் விலை என்று தெரிந்த பிறகு விற்பவர் என்ன செய்வார்? உயிர் போகாமற் பார்த்துக்கொள்வார். விடியலிற் சுட்ட உள்ளான் நண்பகல் வரையில் துடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வாங்க வருபவரின் பேணுதலே. இக்காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம். மான் குண்டு பற்றிய கேள்வியின் உள்முடிச்சும் இதுதான்.

வேட்டைக் கருவி பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் ஒரே நபித்தோழரின் வினாக்களிலிருந்து பிறந்தவை. கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயின் திருமகனார் அதீ (ரலி) அவர்களே அவர். வேட்டையில் தேர்ந்தவரான அவர் நாயைப் பற்றியும், அம்பைப் பற்றியும், மிஃராள் பற்றியும் துருவித் துருவிக் கேட்டார். மிஃராள் என்பது இறகு கட்டாத கனத்த எறிகோல். எறிந்தால் சிலவேளை முனையால் தைக்கும். சிலவேளை குறுக்காகப் போய் அடிக்கும். முனை தைத்துத் துளைத்திருந்தால் உண்ணலாம். குறுக்குவாட்டில் அடித்துச் செத்திருந்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணலாகாது என்பது விடை. திருமறை விலக்கிய வகைகளுள் 'மவ்கூதா', அஃதாவது அடித்துக் கொல்லப்பட்டது, என ஒன்று உண்டு. தடியாலும் கல்லாலும் நைத்துக் கொன்றது அது. கூர்மையா பாரமா, துளைத்ததா நைத்ததா என்பதே கருவி பற்றிய முழு வழக்கும்.

பின்னர் வந்தது 'புந்துக்'. அரபு மொழியில் இச்சொல் முதலில் ஒருவகைக் கொட்டையைக் குறித்தது. பிறகு அக்கொட்டையளவில் களிமண்ணை உருட்டிச் சுட்டு வில்லால் எறியும் உருண்டையைக் குறித்தது. வெடிமருந்து வந்தபின் ஈயக் குண்டையும், கடைசியில் துப்பாக்கியையுமே குறித்தது. (வெனிஸ் நகரத்துக்கும் அரபியர் புந்துகிய்யா என்றே பெயரிட்டழைக்கின்றனர், அது வேறு கதை.) ஒரே சொல்லுக்குள் மண்ணுருண்டையும் ஈயக்குண்டும் அடங்கிவிட்டமையால், பழைய நூலைப் படிக்கும் மாணவர் எது எது என்று பிரித்தறியாமல் இடறுவதுண்டு. மண்ணுருண்டையால் செத்தது மவ்கூதாவே என இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதை ஈயக்குண்டுக்கும் அப்படியே பொருத்தலாமா என்பதில்தான் பின்னோர் பிரிந்தனர்.

நம் தென்னகத்து மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' நூலை எடுத்துக்கொள்வோம். மலபார்க் கரையில் பொன்னானியிலிருந்து ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுதியது. போர்த்துக்கீசியரின் துப்பாக்கிகள் வெடித்த கரை அது. அவ்வரலாற்றையும் தனி நூலாக எழுதியவர் அவரே. ஆகவே துப்பாக்கியை ஏட்டிற் கேட்டறிந்தவரல்லர். இரும்புக் குழாயிலிருந்து நெருப்பால் எறியப்படும் இக்காலத்துப் புந்துக்கால் வேட்டைப் பிராணியைச் சுடுவது ஹராம் என்று உறுதியாகவே எழுதுகிறார். காரணம் இரண்டு: அது சுட்டெரிக்கிறது, பெரும்பாலும் விரைந்து உயிரைப் போக்கிவிடுகிறது. விரைந்து உயிர் போய்விட்டால் கத்தி வைக்க நேரமேது? பிராணி செத்ததாகி வீணாகும். இதையடுத்துத் தம் ஆசிரியரின் கருத்தாக ஒரு விதிவிலக்கையும் சேர்க்கிறார். குண்டு பெரிய பறவையின் இறக்கை போன்ற இடத்தில் மட்டுமே பட்டு அதை வீழ்த்தும் என்று கைதேர்ந்தவர் ஒருவர் அறிந்திருப்பாராயின், அது கூடலாம் என்பதற்கும் இடமுண்டு.

இனி மாலிக்கீ மத்ஹபுக்கு வருவோம். கி.பி. 1815இல் மறைந்த எகிப்து அறிஞர் தஸூகீ (ரஹ்) அவர்கள், வெடிமருந்து பிற்காலத்தில் வந்ததாதலால் முன்னோர் நூல்களில் இதற்கு நேர்ச்சட்டம் காணப்படவில்லை என்று சொல்லிவிட்டு, மொராக்கோவின் அப்துல் காதிர் அல்ஃபாஸீ (ரஹ்) போன்றோர் ஆகும் என்பதையே தேர்ந்தனர் என்று எழுதுகிறார். அவர்கள் காட்டிய காரணத்தைக் கவனிக்கவேண்டும். குண்டு இரத்தத்தை ஓடவைக்கிறது. விரைந்து உயிரைப் போக்குகிறது. அறுப்பு விதிக்கப்பட்டதே இவ்விரண்டுக்காகத்தானே!

என்ன வியப்பு! பொன்னானியில் எதன் பொருட்டு ஆகாது என்றார்களோ, அதே விரைவின் பொருட்டு ஃபாஸில் ஆகும் என்றார்கள். ஒரே உண்மை, இரு தீர்ப்பு. இருவரும் பிராணியைப் பார்த்தே பேசினார்கள். ஒருவர் அதன் கழுத்துக்குக் கத்தி செல்லும் வாய்ப்பு பறிபோகிறதே என்று பார்த்தார். மற்றவர் அதன் துன்பம் குறைகிறதே என்று பார்த்தார்.

திமஷ்கின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (மறைவு 1836) ஹனஃபீ மத்ஹபின் கருத்தைக் கூறும்போது, ஈயத்துக்குக் கூர்மையில்லை, அது எரிப்பதாலும் வேகத்தோடு கூடிய பாரத்தாலுமே காயமாக்குகிறது, ஆதலால் ஆகாது என்றார். அவருக்கு முன்பே இப்னு நுஜைம் (ரஹ்) அவ்வாறு ஃபத்வா அளித்திருந்தார். அக்காலத்து ஈயக்குண்டு உருண்டை. அவர் சொன்னது அவர் கண்டதற்கு முற்றிலும் பொருந்தும். யமன் நாட்டு ஷவ்கானீ (ரஹ்) அவர்களோ, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவதைத் துளைத்தல் என்னாமல் வேறென்னென்பது என்று கேட்டு, ஆகும் என்றார். நம் காலத்தில் யூஸுஃபுல் கர்ளாவீ அவர்கள் 1960இல் வெளிவந்த தம் ஹலால்–ஹராம் பற்றிய நூலில் ஷவ்கானீயின் பக்கமே நின்றார். குண்டு அம்பையும் ஈட்டியையும் விட வலுவாகத் துளைக்கிறது என்பது அவர் வாதம். குண்டு சூட்டால் எரித்துக் கொல்வதில்லை, தசையையும் இரத்தக் குழாயையும் கிழித்தே கொல்கிறது என்பது இன்று தெளிவாகிவிட்டமையால், 'எரிக்கிறது' என்ற காரணம் வலுவிழந்துவிட்டது. 'விரைந்து கொல்கிறது' என்பது மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது இளைஞரின் மேசைமீதுள்ள குண்டுகளைப் பார்ப்போம். மூவகை சொன்னால் போதும். முதலாவது, ஈயத்தின் முனை முழுதும் செப்புத் தகட்டால் மூடிய பட்டாளத்துக் குண்டு. கூர்மையாக நுழைந்து, வடிவம் பெரிதும் மாறாமல், பல சமயம் ஊசித்துளைபோல் மறுபக்கம் போய்விடும். இரண்டாவது, முனையில் ஈயத்தை வெளியே விட்ட மென்முனைக் குண்டு. நொடிக்கு 2,700 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்பட்டு உடலிற் பட்டவுடன் முனை மழுங்கிக் காளான் குடைபோல் விரிந்து, முன்னைய அகலத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செப்புக் குண்டு. முனையிற் சிறு குழி. பட்டவுடன் நான்கோ ஆறோ இதழாகப் பிரிந்து, அவ்விதழ்கள் அறுத்துக்கொண்டே செல்லும்.

'துளைத்தது' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தேர்ந்தால் முதல்வகையே சிறந்ததெனத் தோன்றும். கூர்மையாக நுழைந்து கூர்மையாகவே வெளியேறுவது அதுதானே? ஆனால் அக்குண்டு பட்ட மான், எலும்பிலோ இதயத்திலோ படாவிட்டால், சிறு துளையோடு ஓடிவிடும். புதருக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும். இதனாலேயே அமெரிக்காவின் சில மாநிலங்கள் மான் வேட்டையில் அக்குண்டைத் தடுத்துள்ளன. மென்முனைக் குண்டோ நுழையும்போது முனை, உள்ளே சென்றதும் அகலம். மிஃராளின் இருவகை அடியையும் ஒரே பாய்ச்சலில் செய்வது. அதை எவ்வகையிற் சேர்ப்பது? தோலைத் துளைத்து நுழைந்து, இரத்தத்தை ஓடச் செய்து கொல்வதைத் தடியடியோடு சேர்ப்பது பொருந்தாது என்பதே நம் துணிபு. தடி வெளியிலிருந்து நைக்கிறது. இது உள்ளே புகுந்து கிழிக்கிறது.

இவ்விரியும் குண்டுக்கு ஒரு வரலாறுண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் ஆங்கிலேயர் செய்த மென்முனைக் குண்டு 'டம்டம் குண்டு' என்றே உலகெங்கும் பெயர்பெற்றது. மனித உடலில் எளிதாக விரியும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாதென 1899இல் ஹேக் நகர மாநாடு பிரகடனம் செய்தது. மனிதனுக்குக் கொடுமையென விலக்கியதை மானுக்கு இரக்கமெனக் கொள்வது முரணல்லவா என்று கேட்கலாம். முரணன்று. போரில் நோக்கம் எதிரியை விலக்குவது. காயமுற்றவன் பிழைக்கவேண்டும், மருத்துவம் பெறவேண்டும். வேட்டையில் நோக்கம் கொல்வது. காயமுற்ற மானுக்கு மருத்துவமனை இல்லை. எல்லாவற்றிலும் செம்மையை இறைவன் விதித்திருக்கிறான், கொல்லும்போதும் செம்மையாகக் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்னும் கருத்துப்பட ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் 'ஸஹீஹ் முஸ்லி'மில் இருக்கிறது. கத்தியைத் தீட்டுவதற்குத் துப்பாக்கியில் நேரானது குண்டைத் தேர்வதே. சுடும் நொடியில் அதைச் செய்ய முடியாது. தோட்டா அடைக்கும் மேசையிலேயே செய்துமுடிக்க வேண்டும்.

இனி அந்த உள்முடிச்சு. ஃபத்ஹுல் முஈனை மதித்து, குண்டால் செத்தது ஆகாது என்று கொள்பவர் என்ன செய்வார்? மானை உயிரோடு அடைந்து அறுக்க விரும்புவார். அதற்காக விரியாத குண்டைத் தேர்வார். காலையோ இடுப்பையோ குறிவைப்பார். மான் விழும், உயிரிருக்கும், ஓடிச்சென்று பிஸ்மி கூறி அறுப்பார். இறைச்சி ஐயமின்றி ஹலால். இப்படிச் செய்வதே பேணுதல் என்று சொல்லித்தருவோரும் இருக்கிறார்களாம். நாம் இதை மறுக்கிறோம். கழுவேலிப் பறவையின் ஒடிந்த இறக்கை அமெரிக்கக் காட்டில் மானின் ஒடிந்த காலாக மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. தன் தட்டிலுள்ள இறைச்சி தூயதாக இருக்கவேண்டும் என்பதற்காக ஓர் உயிரின் வேதனையை வேண்டுமென்றே நீட்டுபவர், இறைச்சியைப் பற்றிய சட்டத்தை நிறைவேற்றி, கொல்லுதலைப் பற்றிய சட்டத்தை முறித்தவராகிறார். உயிருள்ளதை இலக்காக நிறுத்தி வதைப்பவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்திருக்க, பேணுதல் என்னும் பெயரால் வதைக்கு இடமேது?

விதிவிலக்கைக் காட்டி வாதிடுவோருக்கு ஒரு சொல். அந்நூல் 'அறிந்திருந்தால்' என்று நிபந்தனையிடுகிறது, அதுவும் கைதேர்ந்தவருக்கு, அதுவும் பெரிய பறவையின் இறக்கை என்னும் அளவில், அதுவும் 'இடமுண்டு' என்ற தயக்கத்தோடு. இருநூறு கஜத்துக்கு அப்பால் நகரும் மானின் எந்த எலும்பில் தன் குண்டு படும் என்று அறிந்தவர் யார்? அறிந்தவர் என்று சொல்லிக்கொள்பவரை நாம் நம்பமாட்டோம்.

ஆகவே கேட்டவருக்கு வழி இரண்டே. குண்டால் செத்தது ஆகாது என்பதே அவர் மனம் கொண்ட தீர்ப்பாயின், துப்பாக்கியை வைத்துவிடட்டும். அம்பு இருக்கிறது, அதுவும் கூடாவிட்டால் ஆட்டுக் கடை இருக்கிறது. ஆகும் என்ற அறிஞர்களைப் பின்பற்றுவதாயின், அவர்கள் எந்தக் காரணத்துக்காக ஆகும் என்றார்களோ அக்காரணத்துக்குப் பொருந்தும் குண்டையே தேர்ந்து, இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தையே குறிவைத்து, விசையை இழுக்கும்போது பிஸ்மி கூறட்டும். தோட்டா அடைக்கும்போது கூறியது போதாது. விடும்போது கூறுவதே கணக்கு. மான் விழுந்தபின்னும் நிலையான உயிர் இருந்தால் உடனே அறுக்கவேண்டும். இதில் ஆகும் என்போருக்கும் மாற்றுக் கருத்தில்லை. இடுப்பில் தீட்டிய கத்தி இல்லாமற் போகவேண்டாம்.

ஈயமா செப்பா என்ற கேள்வி மிஞ்சுகிறது. மென்முனை ஈயக்குண்டு விரியும்போது பொடிப்பொடியாகச் சிதறி, காயத்துக்கு அப்பாலும் இறைச்சியிற் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அத்துணுக்குகள் ஊடுகதிர்ப் படத்தில் தெரிகின்றன. ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளைக்கு அதிலும் கேடு. வேட்டையாடியவர் விட்டுச்செல்லும் குடலையும் கழிவையும் தின்ற பிணந்தின்னிப் பறவைகள் மாண்டதைக் கண்டு, கலிஃபோர்னியா 2013இல் சட்டமியற்றி, 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டை முற்றிலும் விலக்கியது. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா முழுவதும் 1991லேயே தடுத்தனர். ஐரோப்பிய ஒன்றியம் சதுப்புநிலங்களில் 2023இல் தடுத்தது. வாத்தினங்கள் இரையை அரைக்கச் சிறுகற்களை விழுங்கும் இயல்புடையவை. சேற்றிற் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்றே விழுங்கிச் சாகின்றன. கழுவேலிச் சேற்றில் பல்லாண்டு விழுந்த ரவை அங்கேயே கிடக்கிறது. சுட்டவருக்குக் கிடைத்தது ஒரு பறவை. தவறிய ரவைக்குக் கணக்கில்லை.

தானும் கெடாதே, பிறரையும் கெடுக்காதே என்னும் கருத்தமைந்த ஹதீஸை அடிப்படையாக்கி ஃபிக்ஹு வகுத்த பெருவிதியை இதற்கும் நீட்டினால், செப்பே சிறந்தது. அதன் இதழ் அறுக்கிறது; துணுக்காகச் சிதறுவதில்லை; நஞ்சும் கலப்பதில்லை. கூர்மையைக் கேட்ட பழைய அறிஞர்கள் அவ்விதழைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் செப்புக்கும் ஒரு குறையுண்டு. ஈயத்தை விடக் கடினமானதால் மெதுவாகச் சென்றால் விரியாது. அத்தகைய குண்டுகள் பலவற்றுக்குப் படும்போது நொடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகமேனும் வேண்டும். தொலைவு கூடக்கூட வேகம் குறையும். குறைந்தால் அதுவும் பட்டாளத்துக் குண்டுபோல் ஊசித்துளையிட்டுப் போய்விடும். ஆகவே தம் மருந்தின் அளவுக்கு எத்தனை கஜம் வரை அக்குண்டு விரியும் என்பதை முன்கூட்டியே சோதித்தறிந்து, அதற்கப்பால் எவ்வளவு பெரிய கொம்போடு மான் நின்றாலும் சுடாதிருக்க வேண்டும். கையால் அடைப்பவருக்கு இவ்வளவும் தெரிந்திருக்கும். தெரிந்தவருக்கே பொறுப்பும் கூடுதல்.

அவர் கேளாத ஒன்றையும் சொல்லிவைக்கிறோம். காயமுற்ற மான் கண்ணுக்கு மறைந்து மறுநாள் செத்துக் கிடக்கக் கண்டால்? அம்பின் தடம் தவிர வேறு காயமில்லையாயின் உண்ணலாம் என்பது அதீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. இருந்தும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஆகாது என்பதையே மேலான கருத்தாக வைக்கிறது. வேறு நூலில் அவர்களே ஆகும் என்பதற்குச் சான்று வலிதென்றார்கள். இக்கருத்து வேற்றுமைக்குள் போய்ச் சிக்காமலிருக்க எளிய வழியுண்டு. அந்தி மயங்கும் நேரத்தில் சுடவேண்டாம். இரத்தத் தடம் பிடித்துத் தேடிச்செல்லப் பகல் வெளிச்சம் இரண்டு மணி நேரமாவது மிஞ்சியிருக்கட்டும்.